கூட ஏறியவர்கள்

ராஸ் அல் கைமா
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று காலை பல் துலக்குவதற்கு முன்பே கணினியைத் திறந்து ஒரு கப்பலைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தேன். டியூட்டி முடிந்து வந்த இவர் டீயைக் குடித்துக்கொண்டே, "உங்க அண்ணி லெட்டர் மேசையிலேயே கிடக்கு. செத்தவங்களுக்கு மட்டும்தான் பதில் போடுவியா?" என்றார். உடனே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே மூவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சந்தியா எப்படி இருக்கிறாள்?

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தங்கள் முன்னோர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகத் தேடிக் கொடுக்கும் ஒரு நிறுவனம் இங்கிலாந்தில் இருக்கிறது. பழைய சர்ச் பதிவேடுகளைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார்கள். நான் வீட்டிலிருந்தே படித்துச் சொல்ல வேண்டும். இப்போது கையில் இருப்பது 'தாங்க்ஃபுல்' என்ற கப்பல். 1636இல் அமெரிக்காவில் குடியேறப் போனவர்களைப் பிளிமத் துறைமுகத்திலிருந்து ஏற்றிச் சென்றது. அதில் ஏறிய ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்று தேடுகிறேன்.

எலினர் பைக் என்று ஒருத்தி மட்டும் உறுத்துகிறாள். இவள் முன்னால் போவது, கணவன் அடுத்த வருஷம் வருவது என்று ஏற்பாடு. ஏறியது தெரிகிறது, இறங்கியது தெரியவில்லை. மூன்று வருஷத்தில் இங்கிலாந்தில் சொந்த ஊர்ச் சர்ச்சில் கணவன் மறுமணம் செய்திருக்கிறான். 'மனைவியை இழந்தவர்' என்று எழுதியிருக்கிறது. வழியில் செத்துவிட்டாள் என்று முடித்துவிடலாம். ஏனோ கை வரவில்லை.

அண்ணன் காரியத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஆடியோடு பன்னிரண்டு வருஷம் முடிந்துவிட்டது. தர்ப்பையில் உருவம் செய்து சேதுக்கரையில் எரித்துவிடலாம் என்று ஐயர் சொன்னது எனக்கும் சரியென்றே படுகிறது. சந்தியா கல்யாணத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
அகிலா


முதுகுளத்தூர்
2 செப்டம்பர் 2024

அன்பு நாத்தனார் அகிலாவுக்கு, நாகவள்ளி எழுதுவது.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி சுகம். மாப்பிள்ளைக்கும் அனன்யாவுக்கும் என் அன்பைச் சொல்.

இந்தக் காலத்தில் போய்க் கடிதம் எழுதுகிறேன் என்று போஸ்ட்மேன்கூடச் சிரிக்கிறார். உன் அண்ணனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் என்னுடையது ஒன்றுதான். நான் உன்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கூப்பிட்டு, பிஸி என்று வந்தால்? சந்தியா தலையில் அடித்துக்கொள்கிறாள். அடித்துக்கொள்ளட்டும்.

அவளுக்கு இடம் முடிந்துவிட்டது. பையன் பெயர் நிதின், மதுரையில் வேலை. தையில் கல்யாணம். பையனுடைய அம்மா நல்ல மாதிரிதான், ஆனால் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. "பத்திரிகைல உங்க வீட்டுக்காரர் பேருக்கு முன்னாடி தெய்வத்திருன்னு போடணுமா வேணாமா? இருந்தா வரச் சொல்லுங்க, இல்லேன்னா முடிங்க. ரெண்டுங்கெட்டானா எப்படி அச்சடிக்கிறது?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

கேட்டது நியாயம்தான். ராஸ் அல் கைமாவில் படகுப் பட்டறையில் வெல்டராக இருந்த மனுஷன் ஒரு லாஞ்சில் எஞ்சின் பார்க்க ஏறினார், லாஞ்சு புயலில் கவிழ்ந்தது, நாலு பேர் உடம்பு கிடைத்தது, இவருடையது கிடைக்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதை வைத்து நான் என்ன போடச் சொல்வேன்? காரியம் செய்துவிட்டால் மணவறையில் மகள் பக்கத்தில் நான் நிற்க முடியாது. புரட்டாசி அமாவாசைக்கு நாள் குறித்திருக்கிறோம். செய்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன்.

அந்த எலினர் செத்தாள் என்று அவள் புருஷனுக்கு யார் சொன்னது? பார்த்தவர் உண்டா? தெரிந்தால் எழுது.

அன்புடன்,
நாகவள்ளி


ராஸ் அல் கைமா
14 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். சந்தியாவுக்கு எங்கள் எல்லோருடைய வாழ்த்தும். நிதின் படத்தை அனன்யாவின் போனில் பார்த்தோம். "மீசை ஓவர், மத்தபடி ஓகே" என்று அவள் மதிப்பெண் போட்டாள்.

எலினர் சாகவில்லை, அண்ணி. கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு வழி உண்டு. ஆள் கிடைக்கவில்லை என்றால் அவர் பெயரையே தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கூட ஏறியவர்களைத் தேட வேண்டும். பெயரை எழுதுகிறவன் தப்பாக எழுதுவான், ஆனால் கப்பலில் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் கரையிலும் பக்கத்திலேயே வீடு கட்டுவார்கள். எலினரோடு ஏறிய ஒரு தச்சரைப் பின்தொடர்ந்து போனேன். அவருடைய நிலத்துக்கு அடுத்த நிலம் 'விதவை பைக்' என்பவளுடையது. அவளேதான். அதன்பின் நாற்பது வருஷம் வாழ்ந்திருக்கிறாள்.

கப்பல் புயலில் திசை தப்பி, மாதக்கணக்கில் தாமதமாகப் போயிருக்கிறது. அதற்குள் மூழ்கிவிட்டதாக ஊருக்குச் சேதி வந்துவிட்டது. அவர்கள் அழுது முடித்து, அவனுக்கு வேறு பெண்ணும் பார்த்துவிட்டார்கள். ஊரில் செத்தவள், அங்கே ஆடு வளர்த்துக்கொண்டிருந்தாள்.

காரியத்துக்கு நான் வர முடியாது. இவருக்கு லீவு இல்லை. தையில் கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்,
அகிலா


முதுகுளத்தூர்
29 செப்டம்பர் 2024

அன்பு அகிலாவுக்கு,

சுகம். நீங்களும் சுகம்தானே.

உன் கடிதத்தைச் சந்தியாவிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். பிறகு ஐயர் வீட்டுக்குப் போய்க் காரியத்தை நிறுத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஏம்மா, ஒரு வேளை காரியம் பண்ணின அப்புறம் அவர் வந்துட்டார்னாலும் சாஸ்திரத்துல வழி இருக்கு. புதுசாப் பிறந்த மாதிரி பேர் வச்சு, உங்களுக்கே மறுபடி தாலி கட்டச் சொல்லலாம்" என்றார். "மாப்பிள்ளைக்கு இந்நேரம் வழுக்கை விழுந்திருக்கும் சாமி, எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியில் சிரித்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன்.

கோபப்படாதே அகிலா. நானூறு வருஷத்துக்கு முந்தியவளைக் கண்டுபிடித்தாய். உன் அண்ணனோடு ஏறியவர்களைத் தேடு. நீதானே சொன்னாய், அதுதான் வழி என்று.

அடையாளம் கேட்பாய். வலது புஜத்தில் பச்சைக் கயிறு, அதில் செம்புத் தாயத்து. ஏர்வாடி தர்காவில் மந்திரித்து வாங்கி நானே கட்டியது. சந்தியா பல் முளைக்கும்போது அதைக் கடித்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும். என்ன ஆனாலும் கழற்றாதீர்கள் என்று சொல்லித்தான் விமானம் ஏற்றினேன். அந்தக் கயிறு கைவிடாது.

எலினருக்கு, தான் செத்துப்போன விஷயம் எப்போது தெரிந்தது? அதையும் எழுது.

அன்புடன்,
நாகவள்ளி


ராஸ் அல் கைமா
20 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். வெயில் தணிந்துவிட்டது. குவாரிப் புழுதிதான் தணியவில்லை. பால்கனியில் காயப்போடும் துணியெல்லாம் வெள்ளையாகிறது.

உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தைப் படித்ததும் பயந்தேன். ஏதோ ஒரு கதை போலத்தான் எலினரைப் பற்றி எழுதினேன். ஆனாலும் தேடினேன்.

அந்த லாஞ்சில் அண்ணனைத் தவிர இன்னொரு தமிழ் ஆள் இருந்தார், ராக்கப்பன். பிழைத்தவர்களில் ஒருவர். அபுதாபி பக்கம் முசஃபாவில் ஒரு பட்டறையில் இருப்பதாகத் தெரிந்து, வெள்ளிக்கிழமை இவரோடு போனேன். கேம்ப் வாசலில் நின்றபடியே பேசினார். "அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டுட்டானுங்க அக்கா. என்னை எவனும் ஒரு வார்த்தை கேக்கல. போன வருசம்தான் விசா தர்ற வேற கஃபீல் புடிச்சுத் திரும்பி வந்தேன்" என்றார்.

லாஞ்சு கவிழ்ந்தது இந்தக் கரையில் அல்ல, ஓமன் எல்லையைத் தாண்டி, கஸப் பக்கம். நாம் தேடியதெல்லாம் எமிரேட்ஸ் பக்கத்தில். "கஸப்ல எது கரை ஒதுங்கினாலும் கீழக்கரை பாய் கடைக்குத்தான் மொதல்ல சேதி போகும். அரிசி வெங்காயம் எல்லா லாஞ்சுக்கும் அவர் கடைதான். இப்ப அந்தக் கடை அங்க மாஃபி, மூடியாச்சு. மகனோட உங்க ராஸ் அல் கைமாவுலதான் இருக்கார்" என்றார் ராக்கப்பன்.

கடை எங்கே என்று விசாரித்தால், நாங்கள் மளிகை வாங்கும் கடை. ஜெய்னுலாப்தீன் பாய். அவருடைய மருமகள் பாஹிமா எனக்குப் பழக்கம். பாய்க்கு உடம்பு சரியில்லை, மாடியிலேயே இருக்கிறார். இறங்கி வரும் நாளில் கேட்கிறேன்.

எலினருக்கு எப்போது தெரிந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அடுத்தடுத்த கப்பலில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அன்புடன்,
அகிலா


முதுகுளத்தூர்
8 நவம்பர் 2024

அன்பு அகிலாவுக்கு,

சுகம். தீபாவளிக்கு நீ கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம் வந்தது. கொண்டுவந்த பையன் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்காமல் ஓடிவிட்டான்.

விதவை பைக் என்று அவளே தன்னைச் சொல்லிக்கொண்டாளா, ஊர் சொன்னதா? புருஷன் அங்கே உயிரோடு, வேறு பெண்டாட்டியோடு இருக்கிறான். இவள் இங்கே விதவை. சாகாதவனுக்கு விதவை. படுத்தால் இதுதான் ஓடுகிறது.

பாய் இறங்கி வந்தாரா? பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். கார்த்திகை முடிவதற்குள் சொல்.

அன்புடன்,
நாகவள்ளி


ராஸ் அல் கைமா
17 நவம்பர் 2024

அகிலா அக்காவுக்கு, பாஹிமா எழுதிக்கொள்வது. அல்லாஹ் உங்கள் எல்லோரையும் நலமாக வைக்கட்டும்.

இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதமா என்று நினைக்காதீர்கள். நேரில் சொல்ல மாமாவால் முடியவில்லை. நேற்று கடையில் நீங்கள் ஏர்வாடிக் கயிறு, பல் தடம் என்று சொன்னதும் பாதிப் பருப்பை நிறுத்த நிலையில் எழுந்து மாடிக்குப் போனாரே, ராத்திரி சோறு தொடவில்லை. விடிந்ததும் என்னை உட்காரவைத்து எழுதச் சொன்னார். மளிகைப் பையில் வைத்து அனுப்புகிறேன்.

அந்தப் புயலுக்குப் பிறகு, கஸப் பக்கத்தில் மீன்காரர்கள் ஒரு உடலைக் கரைக்குக் கொண்டுவந்தார்களாம். முகம் தெரியவில்லை. போலீஸ் வந்தது. சட்டைக் காலரில் தமிழில் தையல்காரர் பெயர் இருந்ததால் மாமாவைக் கூப்பிட்டார்கள். மாமா பார்த்தது புஜத்தில் இருந்த பச்சைக் கயிற்றைத்தான். மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஏர்வாடிக் கயிறு. நான் அதைப் பார்த்துத்தான் முஸ்லிம் பிள்ளைன்னு போலீசுட்ட சொன்னேன். எங்க பக்கத்துல பாதி இந்துப் பிள்ளைங்க கையிலயும் அது இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஊர்ல இருந்தா தோணியிருக்கும். அந்தப் பாறைக்கு நடுவுல நின்னு பாத்தப்ப, எங்க வீட்டுப் பிள்ளைன்னு மட்டும்தான் தோணுச்சு."

கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் பள்ளிவாசல்களில் அறிவிக்கச் சொல்லியிருக்கிறார். எந்த வீட்டிலும் ஆள் குறையவில்லை. தொட்டுக் கழுவும் நிலையில் உடல் இல்லாததால் துணிக்கு மேலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். லாஞ்சுக்காரர்கள், மீன்காரர்கள், கடைக்காரர்கள் என்று ஒரு கூட்டமே வந்து தொழுது அடக்கம் செய்திருக்கிறது. பெயர் தெரியாததால் அப்துல்லா என்று சொன்னாராம். ஒவ்வொரு ரமலானிலும் மாமா யாரோ ஒரு அப்துல்லாவுக்காக யாசீன் ஓதுவார். சொந்தக்காரர் என்று நினைத்திருந்தேன்.

தாயத்தை மட்டும், யாராவது தேடி வந்தால் கொடுக்கலாம் என்று கழற்றி வைத்திருந்தார். பருப்புப் பொட்டலத்துக்குள் இருக்கிறது. பள்ளம் இருக்கிறது அக்கா. நானும் பார்த்தேன்.

"அவங்க வீட்டுல தேடினாங்களா?" என்று மாமா கேட்கச் சொன்னார்.

துஆவுடன்,
பாஹிமா


ராஸ் அல் கைமா
25 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் உடம்பு முடியவில்லை. நடுவில் மூன்று நாள் விளக்குக்கூட ஏற்றவில்லை. எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. இப்போது சரியாகிவிட்டது.

பாயைப் பார்த்தேன். வயதாகிவிட்டது. எழுதும்படி ஒன்றும் இல்லை.

எலினரைப் பற்றிய அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை. ஊர்தான் அவளை விதவை என்று எழுதியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவளும் மறுக்கவில்லை போலிருக்கிறது.

சந்தியாவுக்குப் புடவை எடுத்துவிட்டேன். மயில் கழுத்து நிறம். உங்களுக்கும் ஒன்று பார்க்கிறேன். என்ன நிறம் வேண்டும் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அகிலா


முதுகுளத்தூர்
9 டிசம்பர் 2024

அன்பு அகிலாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கார்த்திகை மாதத்தில் மூன்று நாள் விளக்கேற்றவில்லை என்று எழுதியிருக்கிறாய். எண்ணெய் தீர்ந்தது என்று காரணம் சொல்கிறாய். பழக்கமான பாய் கடை இருக்கும்போதா? கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் தீட்டு எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும்.

நான் எதுவும் கேட்கவில்லை. நீயும் எதுவும் சொல்லாதே. எவ்வளவு பழைய சாவாக இருந்தாலும், காதில் விழுந்த நாளிலிருந்துதான் தீட்டு. என் காதில் எதுவும் விழவில்லை. பத்திரிகையில் 'திரு. பாண்டித்துரை' என்று மட்டும் போடச் சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா, "நல்ல சேதி எதுவும் வந்துச்சா?" என்று கேட்டார். "கெட்ட சேதி வரல" என்றேன். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும் அகிலா. பன்னிரண்டு வருஷம் நின்றவள், இன்னும் இரண்டு மாதம் நிற்கக் கூடாதா?

கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, பிள்ளைகள் மதுரைக்குப் போன பிறகு நானே கேட்பேன். அப்போது எதையும் மிச்சம் வைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு நல்லது என்று நினைத்து ஒன்றைக்கூட நீ எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. எலினருக்கு அப்படித்தான் செய்திருப்பார்கள்.

புடவை நல்ல சிவப்பாக எடு.

அன்புடன்,
நாகவள்ளி


ராஸ் அல் கைமா
5 ஜனவரி 2025

அகிலா அக்காவுக்கு, பாஹிமாவின் ஸலாம். எல்லோரும் நலம்தானே.

மாமாவை நாளை ஊருக்கு அனுப்புகிறோம். இனி இங்கே வர மாட்டார், கீழக்கரையிலேயே இருக்கட்டும் என்று இவர் முடிவு செய்துவிட்டார். டிக்கெட் கையில் வந்ததிலிருந்து மாமா ஒன்றையே கேட்கிறார். "நான் கேட்டதுக்கு அந்தப் புள்ள பதில் சொல்லலியே. அவங்க வீட்டுல தேடினாங்களா, இல்ல தலைமுழுகிட்டாங்களா?" நீங்கள் கடைப் பக்கம் வருவதே இல்லை. நான் என்ன சொல்லட்டும் அக்கா?

துஆவுடன்,
பாஹிமா


ராஸ் அல் கைமா
26 ஜனவரி 2025

அண்ணா,

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. இங்கே ஒரே ஊரில் இருந்ததால் தேவைப்படவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கை அப்படித்தான் பழகியிருக்கிறது. கேட்டதாக வைத்துக்கொள்.

நேற்று இவரைக் காரை எடுக்கச் சொல்லி, எல்லைச் சாவடி வரைக்கும் போனோம். அந்த மலைக்குப் பின்னால்தான் நீ இருக்கிறாய். இவர் என்ஜினை நிறுத்தவில்லை. கடல் தட்டையாகக் கிடந்தது. இத்தனை வருஷமும் வீட்டு பால்கனியிலிருந்து அதே மலையைப் பார்த்துக்கொண்டுதான் துணி காயப்போட்டிருக்கிறேன்.

எலினரின் அறிக்கையை அனுப்பிவிட்டேன். கேட்டிருந்தது பைக் குடும்ப வழியில் வந்த ஓர் அம்மாள். நன்றி சொல்லிவிட்டு, "பாவம், அவளுக்குத் தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்று எழுதியிருந்தார். எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே பெட்டி கட்டினேன்.

காணவில்லை என்று இங்கே நாங்கள் கொடுத்த புகாரில் நீ இந்து. முஸ்லிம் என்று அங்கே அடக்கம் நடந்தது. இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்தக் கயிறு இல்லாதிருந்தால் அந்த வாரமே உன்னைக் கண்டுபிடித்திருப்போம். அண்ணி ஒரு போனைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருக்க மாட்டாள். அந்தக் கயிறு இல்லாதிருந்தால், கேட்க ஆளில்லாமல் குளிர் பெட்டியில் கிடந்திருப்பாய் என்பதும் உண்மை. இதில் எதை முதலில் சொல்வது? கயிற்றையே விட்டுவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு மாதமாக ஒத்திகை பார்த்தேன். என் வாயில் அது ஒவ்வொரு தடவையும் அறிக்கை போலத்தான் வருகிறது.

பாஹிமாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. தேடினார்கள் என்று சொன்னால் அந்த மனுஷர் உடைந்துபோவார். தேடவில்லை என்று பொய் சொன்னால் அண்ணியை நான் எதுவாக ஆக்குகிறேன்?

நாளை விமானம். பன்னிரண்டு நாளில் கல்யாணம். மணவறையில் அத்தையாக நிற்பேன், சிரிப்பேன், யார் கேட்டாலும் அண்ணனைப் பற்றிச் சேதி இல்லை என்பேன். பிள்ளைகள் மதுரைக்குக் கிளம்பிய பிறகு அண்ணி கேட்பாள். கதவைச் சாத்திவிட்டு, என் எதிரில் தரையில் உட்கார்ந்து கேட்பாள்.

அப்போது நான் பதில் சொல்லப் போவதில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி, கீழக்கரைக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போகப் போகிறேன். உன் மேல் தண்ணீர் ஊற்றியவர் அங்கே இருக்கிறார். அவள் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்கட்டும். அவர் கேட்க வேண்டியதை அவளிடம் கேட்கட்டும். இருவருக்கும் வலிக்கும். இருவரும் தாங்குவார்களா என்று எனக்குத் தெரியாது. நான் வாசலில் செருப்புகளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

உன் தங்கை,
அகிலா